பள்ளிக்கூடம் ஏன் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறது?

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழோடு தடுப்பூசி அட்டையையும் பல நாடுகளில் கேட்கிறார்கள். "அதெல்லாம் சின்ன வயசிலேயே போட்டாச்சே" என்பதுதான் பெரும்பாலான பெற்றோரின் பதில். அட்டையைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்: முதல் ஒன்றரை வயது வரைக்குமான கட்டங்கள் தேதியோடும் கையெழுத்தோடும் வரிசையாக நிரம்பியிருக்கும். அதற்குக் கீழே உள்ளவை காலியாகக் கிடக்கும். 4 வயதுக்கு மேல் போட வேண்டிய பூஸ்டர் (முந்தைய ஊசியின் பாதுகாப்பைப் புதுப்பிக்கும் தவணை), பதின்வயதில் போட வேண்டியது எல்லாம் அந்தக் காலிக் கட்டங்களில்தான் இருக்கின்றன. கைக்குழந்தையாக இருந்தபோது தேதி தவறாமல் தூக்கிக்கொண்டு ஓடிய அதே பெற்றோர்தான் பின்னால் வரும் தவணைகளை விட்டுவிடுகிறார்கள். இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த வயதில் எந்த ஊசி, அது ஏன் அந்த வயதில் என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை. காரணம் புரிந்தால் பெரும்பாலானவர்கள் விட மாட்டார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

பள்ளிக்கூடம் அட்டையைக் கேட்பதற்கு முதல் காரணம் தட்டம்மை. மனிதர்களுக்கு வரும் தொற்றுகளில் இதைப்போல வேகமாகப் பரவுபவை மிகக் குறைவு. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இருமிய பிள்ளை அறையை விட்டுப் போன பிறகும் கிருமி 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. உடம்பில் சிவப்புத் தடிப்பு தெரிவதற்கு 4 நாட்களுக்கு முன்பே அந்தப் பிள்ளை நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. அந்த நாட்களில் பார்ப்பவர்களுக்கு அது வெறும் சளி, காய்ச்சல், கண் சிவப்பு. சாதாரணச் சளிதானே என்று பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். தடிப்பைப் பார்த்துவிட்டு வீட்டில் நிறுத்தும்போது வகுப்பறையில் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

தட்டம்மைக்கு 95 சதவீதம் பேருக்கு ஊசி போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தாளில் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நோயாளி 15 பேருக்குக் கொடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். பரவல் தானாக அடங்க வேண்டுமானால் அவர் சராசரியாக ஒருவருக்கு மேல் கொடுக்கக் கூடாது. அப்படியானால் அந்த 15 பேரில் 14 பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 93 சதவீதம். ஊசி போட்டும் எதிர்ப்பு உண்டாகாத சிலர் எப்போதும் இருப்பார்கள், அவர்களையும் கணக்கில் எடுத்தால் 95-க்கு வந்து நிற்கும். நாட்டின் சராசரி 96 சதவீதமாக இருந்து ஒரு பள்ளியில் மட்டும் 80 சதவீதம் என்றால், அந்தப் பள்ளிக்கு நாட்டுச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. பள்ளி நிர்வாகம் ஒவ்வொரு பிள்ளையின் அட்டையையும் தனித்தனியாகப் பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, மீதி 5 சதவீதம் யாருக்கு? ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த ஊசியைப் போட முடியாது, ஏனென்றால் இதில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள கிருமி. உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைக்கும் அப்படித்தான். பள்ளியிலிருந்து அண்ணனோ அக்காவோ கொண்டுவருவதை வாங்கிக்கொள்ளும் 6 மாதக் குழந்தை வீட்டில் இருக்கிறது, அதற்கு இன்னும் வயது வரவில்லை. அந்தச் சிறிய இடைவெளி முழுக்க இவர்களுக்கானது. போட்டுக்கொள்ள முடிந்தவர்கள் அதில் போய் உட்கார்ந்தால் இவர்களுக்கு இடம் இருக்காது.

தட்டம்மை வந்துபோனால் போகட்டும் என்று நினைப்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளின் ரத்தத்தைத் தட்டம்மை வருவதற்கு முன்பும் வந்த பிறகும் சோதித்தார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்கள் உடம்பு அதுவரை சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருட்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. தட்டம்மைக் கிருமி எதிர்ப்பு மண்டலத்தின் நினைவு செல்களையே தாக்கி அழிப்பதால் இப்படி ஆகிறது. பிள்ளை குணமாகி எழுந்துவிடும். ஆனால் ஏற்கெனவே பழகிய கிருமிகளோடு மறுபடியும் முதலிலிருந்து போராட வேண்டியிருக்கும்.

இதெல்லாம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை சமோவா தீவு நாடு 2019-இல் பார்த்தது. அங்கே மொத்த மக்கள்தொகையே சுமார் 2 லட்சம்தான். 2018 ஜூலையில் இரண்டு குழந்தைகள் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் இறந்துபோனார்கள். இந்த ஊசி மருந்து பொடியாக வரும், அதைத் தூய நீரில் கரைத்துப் போட வேண்டும். அந்த நீருக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தப் பயன்படும் காலாவதியான மருந்தைக் கலந்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. தவறு கலந்த கையில் இருந்தது, தடுப்பூசியில் இல்லை. ஆனால் அது தெளிவாவதற்குள் திட்டம் மாதக்கணக்கில் நின்றுபோனது, மக்களின் நம்பிக்கையும் போனது. முதல் தவணை போட்டுக்கொண்ட பிள்ளைகளின் விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு தட்டம்மை வந்தது. 5,700 பேருக்கு மேல் நோய் கண்டது, 83 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். பள்ளிகள் மூடப்பட்டன. டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டு நாட்கள் நாடே கடையடைத்து வீட்டுக்குள் இருந்தது. ஊசி போடாதவர்கள் உள்ள வீட்டின் முன்னால் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைக்கும்படி அரசு கேட்டுக்கொண்டது. ஊசிக் குழுவினர் அந்தத் துணிகளைப் பார்த்து வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சில வாரங்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோருக்குப் போட்டு முடித்தார்கள். முந்தைய ஆண்டே கிடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு, 83 உயிர்கள் போன பிறகு கிடைத்தது.

ஊசி போடும் இடத்தில் பெற்றோர் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். குப்பியின் மேலுள்ள பெயரையும் காலாவதித் தேதியையும் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. பல நாடுகளில் அரசுத் திட்டத்தில் வரும் குப்பிகளில் ஒரு சிறிய வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். சதுரம் வெளிர் நிறத்தில் இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. வெப்பம் படப்பட அது கறுத்துக்கொண்டே வரும். சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையான குளிரில் வைத்திருக்க வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. தட்டம்மை மருந்தைக் கரைத்த பிறகு 6 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் விதி. நல்ல செவிலியர்கள் இப்படிக் கேட்பவர்களைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை, குப்பியை எடுத்துக் காட்டுவார்கள்.

அட்டவணையில் உள்ள வயதுகள் யாரோ வசதிக்காகப் போட்டவை அல்ல. தட்டம்மையையே பார்ப்போம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருட்கள் குழந்தையின் ரத்தத்தில் சில மாதங்கள் இருக்கும். அவை இருக்கும்வரை ஊசியில் உள்ள கிருமியையும் அழித்துவிடும், ஊசி வீணாகும். ரொம்பவும் காத்திருந்தால் நிஜமான கிருமி முந்திக்கொள்ளும். அதனால் நோய் அதிகமாகப் பரவும் நாடுகளில் 9 மாதத்திலும், குறைவாக உள்ள நாடுகளில் 12 மாதம் அல்லது அதற்குப் பிறகும் முதல் தவணையைப் போடுகிறார்கள். 9 மாதத்தில் போட்டால் ஏறக்குறைய 85 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் எதிர்ப்பு உண்டாகும். மீதிப் பேருக்கு அது உண்டாக்கும் வாய்ப்பைத் தருவதுதான் இரண்டாம் தவணையின் வேலை. இதை ஏதோ கூடுதல் சேர்க்கை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். உங்கள் பிள்ளை அந்த 85-இல் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது பார்த்தால் தெரியாது.

தொண்டை அடைப்பானும் டெட்டனஸும் வேறு மாதிரி. இங்கே முதல் மூன்று தவணைகள் உடம்புக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கின்றன, ஆனால் ஆண்டுகள் போகப்போக அது மங்கிவிடும். அதனால்தான் 1 முதல் 2 வயதுக்குள் ஒரு பூஸ்டர், 4 முதல் 7 வயதுக்குள் ஒன்று, 9 முதல் 15 வயதுக்குள் இன்னொன்று என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கடைசி இரண்டும் பள்ளிப் பருவத்தில் வருகின்றன. காலிக் கட்டங்களாகக் கிடப்பவை பெரும்பாலும் இவைதான். தொண்டை அடைப்பானில் தொண்டையின் உட்புறத்தில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும், அதன் நச்சு இதயத்தைத் தாக்கும். ஒழிந்துபோன நோய் என்று நினைத்திருந்த நிலையில், 1990-களில் முன்னாள் சோவியத் நாடுகளில் அது 1.5 லட்சத்துக்கும் அதிகமானவர்களைத் தாக்கியது, சுமார் 5,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரியவர்கள் ஏராளம், சிறுவயதில் போட்டுக்கொண்டு பிறகு பூஸ்டர் இல்லாமல் விட்டவர்களும் உண்டு. டெட்டனஸ் ஆளுக்கு ஆள் பரவுவதே இல்லை, அது மண்ணிலிருந்து காயத்தின் வழியாக வருகிறது. ஊரில் எல்லோரும் போட்டிருந்தாலும் போடாத ஒருவருக்கு அதனால் பாதுகாப்பு இல்லை. ஒருமுறை வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பு உண்டாவதில்லை.

யாருக்குப் போடுவது என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வரலாறு. 1941-இல் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர், பிறக்கும்போதே கண்புரையோடு வரும் குழந்தைகள் திடீரென்று அதிகரித்திருப்பதைக் கவனித்தார். தாய்மார்களை விசாரித்தபோது, கர்ப்பத்தின் தொடக்கத்தில் அவர்களில் பலருக்கு ரூபெல்லா வந்திருந்தது தெரிந்தது. பிள்ளைகளுக்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்துபோகும் நோய், கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுக்கிறது என்று உலகம் அப்போதுதான் அறிந்தது. தடுப்பூசி வந்த பிறகு, 1970-இல் பிரிட்டன் அதைப் பள்ளிகளில் 11 முதல் 13 வயதுள்ள மாணவிகளுக்கு மட்டும் போடத் தொடங்கியது. கர்ப்பம் தரிக்கப் போகிறவர்களைக் காப்பாற்றினால் போதும் என்று நினைத்தார்கள். பாதிப்பு குறைந்தது உண்மைதான், ஆனால் நிற்கவில்லை. சிறு பிள்ளைகளிடமும் ஆண்களிடமும் கிருமி சுற்றிக்கொண்டே இருந்தது. ஊசி தவறிய, அல்லது ஊசி பலிக்காத ஒரு கர்ப்பிணி தன் மூத்த பிள்ளையிடமிருந்தே அதை வாங்கிக்கொண்டாள். கடைசியில் 1988-இல் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசியை ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் போடத் தொடங்கினார்கள். "பையனுக்கு எதுக்கு ரூபெல்லா ஊசி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பதின்வயதில் இப்போது அதிகம் பேசப்படுவது எச்பிவி தடுப்பூசி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எச்பிவி என்ற வைரஸ்தான் காரணம் என்று காட்டியதற்காக ஹரால்ட் ட்சூர் ஹாவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே அந்தப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். அந்த வயதில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பு பிந்தைய வயதைவிட வலுவானது. இன்னொன்று, இந்த ஊசி வராமல் தடுக்கும், வந்த தொற்றைக் குணமாக்காது. வைரஸ் பாலுறவின் வழியாகப் பரவுவதால் அது தொடங்கும் வயதுக்கு வெகுமுன்பே போட்டுவிட வேண்டும். இதைக் கேட்டதும் சில பெற்றோர் சங்கடப்படுகிறார்கள், "என் பொண்ணுக்கு இப்பவே எதுக்கு?" என்கிறார்கள். 30, 40 வயதில் வரக்கூடிய புற்றுநோயை 12 வயதில் ஓர் ஊசியால் தடுக்க முடிகிறது, அவ்வளவுதான் விஷயம். இங்கிலாந்தில் 12, 13 வயதில் இந்த ஊசியைப் போடும் திட்டம் வந்த தலைமுறைப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருப்பதாக 2021-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஸ்காட்லாந்தில் அதே வயதில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் புற்றுநோய் கண்டறியப்படவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். ஆண்களுக்கும் தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்களை எச்பிவி உண்டாக்குவதால் பல நாடுகளில் மாணவர்களுக்கும் போடுகிறார்கள்.

பள்ளியில் ஊசி போடும் நாளைப் பற்றி மாணவர்களிடம் நேரடியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஊசி போட்ட பிறகு மயக்கம் வருவது பதின்வயதில் சகஜம். பயம், வலி, ரத்தத்தைப் பார்ப்பது ஆகியவற்றால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறையும். கண் இருட்டும், காது அடைத்ததுபோல் இருக்கும், உடம்பு வியர்க்கும், அப்புறம் சாய்ந்துவிடுவீர்கள். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் ஓரிரு நிமிடங்களில் சரியாகிவிடும். ஆபத்து மயக்கத்தில் இல்லை, விழும்போது தலை எங்கேயாவது இடிப்பதில்தான் இருக்கிறது. 15 நிமிடம் உட்காரச் சொல்வது அதற்குத்தான். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முன்பு எப்போதாவது மயங்கியிருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள், படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம். கையைத் தளர்வாக விட்டு வேறு பக்கம் பார்த்தால் வலியும் குறைவாகவே தெரியும்.

ஒருவர் மயங்கி விழுந்தால் வரிசையில் நிற்பவர்களுக்கும் தலை சுற்றும். கொலம்பியாவில் எல் கார்மென் தெ பொலிவார் என்ற ஊரில் 2014-இல் இப்படித்தான் தொடங்கியது. எச்பிவி ஊசிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான மாணவிகளுக்கு மயக்கம், கைகால் மரத்துப்போதல், தலைவலி என்று வந்தது, அந்தக் காணொளிகள் நாடு முழுக்கப் பரவின. அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் விசாரித்து, ஊசி மருந்து காரணமல்ல, பயமும் பதற்றமும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதன் விளைவு என்று சொன்னது. அந்த மாணவிகள் நடிக்கவில்லை, அவர்கள் பட்ட வேதனை உண்மையானது. அவர்களை ஏளனம் செய்ததும் காரணத்தைப் பொறுமையாக விளக்காததும்தான் நிலைமையை மோசமாக்கின என்று நினைக்கிறேன். நாட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்களின் எண்ணிக்கை அதன்பிறகு அதலபாதாளத்துக்குப் போனது. பள்ளிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது எளிமையானது: போடும் இடத்தை மறைப்பாக வைப்பது, வரிசையைச் சிறியதாக வைப்பது, முந்தைய நாளே மாணவர்களுக்கு விளக்கிச் சொல்வது.

உண்மையான பின்விளைவுகள் என்ன? ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், ஓரிரு நாள் காய்ச்சல். தட்டம்மை ஊசிக்கு மட்டும் காய்ச்சல் 7 முதல் 12 நாட்கள் கழித்து வரலாம், உடம்பில் உள்ள வலுவிழந்த கிருமி பெருகும் நேரம் அது. கடுமையான ஒவ்வாமை 10 லட்சம் தவணைகளுக்கு ஏறக்குறைய ஒன்று என்ற அளவில் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும், அட்ரினலின் ஊசியால் சரிசெய்யலாம். இதற்கும் சேர்த்துத்தான் அந்த 15 நிமிடக் காத்திருப்பு. தட்டம்மைக் கூட்டு ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பயம் 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் ரத்தானது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசம் வருவதில் வித்தியாசம் இல்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படும் வயதும் இந்த ஊசி போடும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் இரண்டையும் மனம் முடிச்சுப் போடுகிறது. பிள்ளையைப் பற்றிய கவலையில் இருக்கும் ஒரு தாய் அப்படி நினைப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

பள்ளியில் சேர ஊசி கட்டாயமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1855-இலேயே பெரியம்மை ஊசியைப் பள்ளிக்குக் கட்டாயமாக்கியது. இத்தாலி 2017-இல் 10 தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கியது. வேறு பல நாடுகள் அறிவுரையோடு நிறுத்திக்கொள்கின்றன. சட்டம் எப்படி இருந்தாலும், பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே வந்து பள்ளியில் போடுவதுதான் அதிகம் பேரைச் சென்றடையும் வழி என்று நான் நினைக்கிறேன். வேலைக்கு விடுப்புப் போட்டு அழைத்துப்போக முடியாத பெற்றோரின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் விடுபடுகிறார்கள்.

விடுபட்டுப்போனால் என்ன செய்வது? அநேகமாக எல்லா ஊசிகளிலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சளியோ லேசான காய்ச்சலோ இருப்பதற்காகத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை. அட்டை தொலைந்து, எந்தப் பதிவேட்டிலும் விவரம் இல்லை என்றால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு போடுவதே வழக்கம். முன்பே போட்டிருந்தாலும் தட்டம்மை ஊசி இன்னொரு முறை போடுவதால் கெடுதல் இல்லை. ஊசியாகப் போடும் உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் இரண்டு வேண்டியிருந்தால் ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் குறைந்தது 4 வாரம் இடைவெளி விட வேண்டும். சிலவற்றுக்கு வயது முக்கியம்: வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு மருந்து 2 வயதுக்கு மேல் கொடுப்பதில்லை, எச்பிவியை 15 வயதுக்கு மேல் தொடங்கினால் சில நாடுகளில் தவணைகள் கூடும். புற்றுநோய்ச் சிகிச்சை, நாள்பட்ட ஸ்டீராய்டு மருந்து, முந்தைய தவணையில் கடுமையான ஒவ்வாமை என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறந்த தேதியையும் இதுவரை போட்ட தவணைகளின் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால், மீதி என்னென்ன என்பதை ஒரே தடவையில் கணக்கிட்டு, அன்றைக்கே முதல் ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.